கார் கோணலாக இருக்கட்டும்

பக்கவாதத்திற்குப் பின் கைக்குப் பயிற்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மென்பந்தை அழுத்துவதுதான். அது தேவையே, ஆனால் விரைவில் சலித்துவிடும். பொருளுள்ள ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளை இழந்த திறனை மீண்டும் பழகிக்கொள்கிறது. விரல்களில் ஓரளவு அசைவு திரும்பியவர்களுக்கு, மாதிரிக் கார் ஒன்றை முதலிலிருந்தே தம் கையால் செய்வதை நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

கடைத் தொகுப்பில் பாகங்கள் ஆயத்தமாக இருக்கும், ஒட்டினால் போதும். தாமே செய்யும்போது கணக்கும் திட்டமும் சேர்கின்றன. 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். அதன் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 2,464 மி.மீ. 1:24 அளவில் செய்வதானால் அதனை 24 ஆல் வகுக்க வேண்டும். சுமார் 103 மி.மீ. வரும். இவ்வாறே ஒவ்வோர் அளவையும் வகுத்து, அட்டையில் வரைந்து, வெட்டி, ஒட்ட வேண்டும். உருண்ட முகப்பை அட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்தே பெற வேண்டும். ஒரு கை பிடிக்க, மறு கை தேய்க்கும். தளர்ந்த கைக்கு இரண்டுமே பயிற்சி.

குடும்பத்தாரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "கொடுங்கள் அப்பா, நான் வெட்டித் தருகிறேன்" என்று வாங்கிக்கொள்வது அன்பினால்தான். ஆனால் பயன்படுத்தப்படாத கை, இயங்கக்கூடிய நிலையிலும் இயங்காதிருக்கப் பழகிவிடுகிறது. ஒரு மாலையில் ஒரு சக்கரம்தான் முடிந்ததா? அவ்வளவே போதும். அட்டை நழுவினால் பிடித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலை மட்டும் வாங்காதீர்கள்.

சில எச்சரிக்கைகள். விரல்கள் மரத்துப்போனவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோருக்கும் கூரிய கத்தி வேண்டாம்; முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும். உடனடிப் பசை தோலையும் நொடியில் ஒட்டிவிடும்; அட்டைக்கு வெள்ளைப் பசையே ஏற்றது. தெளிப்பு வண்ணம் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். தூரிகையால் நீர்வண்ணம் தீட்டலாம். தோள் வலித்தால் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள். தொடங்குமுன் உங்கள் சிகிச்சையாளரைக் கலந்துகொள்ளுங்கள்.

முடிந்த காரின் கதவு 1 மி.மீ. விலகியிருந்தால், அசல் காரில் அது 24 மி.மீ. இடைவெளி, மழைநீர் உள்ளே வரும் என்று அவரோடு சேர்ந்து சிரிக்கலாம். ஆனால் அதனைத் திருத்திவிடாதீர்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அப்படியே எடுத்து வாருங்கள். கார் எவ்வளவு அழகு என்று நாங்கள் பார்க்கமாட்டோம். எந்தப் பாகத்தை எந்தக் கை செய்தது என்றே கேட்போம்.