வட்டியில் போகும் நாள் சம்பளம்

"தோட்டத்து ஆளுங்க எங்க வரி கட்டுறாங்க?" பஸ்ஸிலும் பேஸ்புக்கிலும் அடிக்கடி கேட்கிற கேள்வி. "கட்டுற அளவுக்கு எங்க வருமானம்?" என்று நாமும் பதில் சொல்லிட்டுப் போயிடுறோம். அந்தப் பதில் பாதிதான் சரி.

கணக்கைப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதில் தொழிலாளியின் 8 சதவீதம் 108 ரூபாய், கம்பெனியின் 12 சதவீதம் 162 ரூபாய். ஆக அந்தச் சம்பளத்தில் ஒரு நாள் பேருக்கு 270 ரூபாய் சேமலாப நிதிக்குப் போனது. பூனாகலை மலையில முப்பது வருஷம் கொழுந்து எடுத்த ஒருத்தர் வாழ்க்கையில் மொத்தமாகப் பார்க்கிற பெரிய காசு இதுதான். ஓய்வுபெறும் பெண்கள் 50 வயதிலும், ஆண்கள் 55 வயதிலும் இதை எடுக்கலாம்.

இந்தக் காசு கைக்கு வரும்போது வரி இல்லை. பணிக்கொடை மாதிரியான ஓய்வுகாலத் தொகைகளிலும் முதல் 1 கோடி ரூபாய்க்கு வரி வீதம் பூச்சியம். தோட்டத்தில் யாரும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வரமாட்டாங்க.

ஆனால் சேமலாப நிதியம் தன் முதலீட்டு வருமானத்துக்கு 14 சதவீதம் வரி கட்டுது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, சேராவிட்டால் 30 சதவீதம் என்று சட்டம் போட்டார்கள். நிதியம் சேர்ந்தது, 14 நிலைத்தது. இன்றைக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய்க்குள் உழைக்கிறவருக்கு வருமான வரியே கிடையாது. அதே ஆளின் சேமிப்பு மட்டும் அவருக்குத் தெரியாமலே வரி கட்டிவிட்டு வருது.

அடுத்த பிடித்தம் வங்கியில். கிடைத்த காசை பண்டாரவளைக்குக் கொண்டுபோய் எஃப்.டி. போடுறாங்க. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறாங்க. பத்து இலட்சத்துக்கு 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 80,000. அதில் 8,000 ரூபாய் போயிடும். 1,350 ரூபாய் கணக்கில் அது கிட்டத்தட்ட ஆறு நாள் சம்பளம்.

இதைத் தடுக்க வழி இருக்கு. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் டின் நம்பர் எடுத்து, வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டாங்க. ஏற்கெனவே பிடித்திருந்தால் இறைவரித் திணைக்களத்துக்கு வருமான அறிக்கை கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்கணும்: சேமலாப நிதியாக வந்தது முதல். அதில் வருகிற வட்டிதான் வருட வருமானம். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிடக் கூடாது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வரி கட்ட வேண்டியதில்லாத ஒருத்தரிடம் முதலில் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்னா நீயே வந்து சொல்லு" என்கிறது சட்டம். வந்து சொல்ல ஆன்லைன் பதிவு, படிவம், பஸ் காசு, அரை நாள் பேர் எல்லாம் வேண்டும். பணக்காரருக்கு இதையெல்லாம் பார்க்க எக்கவுண்டன்ட் இருக்கார். லயத்தில் இருக்கிற பெரியம்மாவுக்கு யார் இருக்கா?

சேமலாப நிதி விண்ணப்பத்தைத் தொழில் திணைக்களம் வாங்கும்போதே இந்த வழியையும் தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். மாதம் தவறாமல் சந்தா பிடிக்கிற தொழிற்சங்கங்கள் தோட்டத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி ஆட்களைப் பதிந்து கொடுக்கலாம். சம்பளப் போராட்டத்துக்கு இருக்கிற சத்தம் இதுக்கு இல்லை. அதனால் மேடையில் யாரும் பேசமாட்டாங்க.

அதுவரை நாமதான். 18 வயது தாண்டியவர்கள் பதியணும் என்று சொன்னபோது நம்மில் பலர் போனிலேயே டின் எடுத்தோம். அடுத்த லீவுக்குக் கொழும்பிலிருந்து வரும்போது வீட்டில் ஓய்வுபெற்றவர் யார், அவர் எஃப்.டி. எந்த வங்கியில் என்று கேளுங்க. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன நிரப்புறோம் என்று சொல்லிச் சொல்லி நிரப்புங்க. அது அவருடைய காசு, அவருக்கு விளங்கணும்.