கடற்கரைப் பிள்ளைக்குக் காகிதக் கடல்

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எதற்கு, முதலில் எழுத்தும் வாய்ப்பாடும் வரட்டும் என்பது நம் நாட்டில் கௌரவமான அபிப்பிராயம். அப்படிச் சொல்பவர்களைப் பெரியதாழைக்கு ஒரு நடை வரச் சொல்கிறேன். எதிரே மன்னார் வளைகுடா. முதுகுப்புறம் சிவந்த தேரி மணல். இவ்வளவு பெரிய சோதனைச்சாலையை எந்தச் சர்க்காரும் கட்டிக் கொடுக்க முடியாது. ஆனால் இங்குள்ள பிள்ளையும், கடலையே காணாத ஊர்ப் பிள்ளையும் கடலைப் படிப்பது ஒரே படத்தைப் பார்த்துத்தான்.

உப்புநீரில் முட்டை மிதக்கும் என்று ஒப்பிக்கச் செய்கிறோம். பெரியதாழைக் கடலில் ஒரு குடம் மொண்டு, அன்று இட்ட முட்டையைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான், அது போதாது. மேலும் பிடி பிடியாக உப்பைக் கரைத்தால்தான் முட்டை எழும்பும். எத்தனை பிடி என்று எண்ணிச் சொல்கிற எட்டு வயதுப் பிள்ளை விஞ்ஞானி. பார்க்காமலே 'மிதக்கும்' என்றெழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு நாம் கொடுத்தது விஞ்ஞானமல்ல; தன் கண்ணைவிட அச்செழுத்தை நம்பும் அடிமைப் புத்தி.

கருவி வாங்கப் பணமில்லை என்பார்கள். தட்டில் கடல்நீரைக் காயவைக்க என்ன செலவு? கொடிக்கம்பத்தின் நிழலுக்கு மணிக்கொரு கோடு கிழிக்க என்ன செலவு? பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கரை மணலில் இழுத்தால் கருந்துகள்கள் அப்பிக்கொள்ளும். இரும்பு கலந்த தாது அது.

மீன்பிடிக்கிறவர் பிள்ளைக்கு இதெல்லாம் தானே தெரியும் என்று இன்னொரு கட்சி. இது புகழ்ச்சி வேஷம் போட்ட சோம்பல். இன்று கச்சான் காற்று என்று அப்பா சொல்லப் பிள்ளை கேட்டிருக்கும். கூரையில் ஒரு துணியைக் கட்டி, ஒரு மாதம் திசையைக் குறித்து, அப்பா சொன்னது என்றைக்குச் சரி, என்றைக்குத் தப்பு என்று பார்க்க வேண்டாமா? கேட்டறிவது வேறு, சோதித்தறிவது வேறு.

நல்ல முயற்சிகள் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் வட்டாரத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் செய்முறை விஞ்ஞானம் தொடங்கியது. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். கையால் செய்தும் காட்ட வேண்டும். முப்பது ஆண்டு நடந்ததை 2002-இல் மாநில அரசே நிறுத்திவிட்டது. நம் மாநிலத்தில் 2022-இல் 'வானவில் மன்றம்' வந்தது. சோதனைகள் பள்ளிக்கே போகின்றன. மகிழ்ச்சி. ஆனால் இரண்டுமே ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கானவை. அதற்குள் ஐந்து ஆண்டுகள், கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று பழக்கிவிடுகிறோமே! தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன, அட்டையும் காகிதந்தானே?

உபாத்தியாயர்களை நான் பழிக்கவில்லை. இரண்டு பேர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கிற பள்ளிகள் உண்டு. அவர்களுக்கு இன்னொரு படிவம் வேண்டாம். வாரத்தில் இரண்டு மணி நேரமும், பிள்ளைகளை வாசலுக்கு வெளியே அழைத்துப் போகும் உரிமையும் கொடுங்கள். மேற்பார்வைக்கு வரும் அதிகாரி பதிவேட்டை மூடிவிட்டுப் பிள்ளையிடம், "இந்த வாரம் என்ன செய்து பார்த்தாய்?" என்று கேட்கட்டும்.

இது மதிப்பெண் விவகாரமல்ல. இந்தக் கடற்கரைகளில் தாது மணலை அள்ளி விற்றார்கள். 2013-இல் அரசு தடை போட வேண்டி வந்தது. கடலில் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறு பக்கம் கரை அரிக்கும். நாளைக்கு ஒரு நிபுணர் வந்து, வரைபடத்தை விரித்து, "உங்கள் கரைக்கு ஒன்றும் ஆகாது" என்பார். ஒரு கம்பை நட்டுக் கரையை அளந்து பழகியவன், "என் நோட்டில் வேறு மாதிரி இருக்கிறதே ஐயா" என்பான். ஒப்பித்துப் பழகியவன் கையெழுத்துப் போடுவான்.