மருந்துக்கு முன்னர் பரிசோதனை

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதியுதவி கோரும் விண்ணப்பங்கள் பத்திரிகைக் காரியாலயங்களுக்கு வராத வாரம் அரிது. வைத்திய நிபுணரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வங்கிக் கணக்கிலக்கம் ஆகியவற்றுடன் ஓர் ஊசிமருந்தின் பெயரும் அதன் விலையும் அவற்றில் இருக்கும். நகைகளை அடகு வைத்தும், காணியை விற்றும், கோயிலிலும் பள்ளிவாசலிலும் சேர்த்த பணத்தைக் கொண்டும் அம்மருந்தைப் பெற்றுவிட வேண்டும் என்ற தவிப்பு அவ்வரிகளில் தெரியும். ஆனால், அம்மருந்து அந்நோயாளிக்குப் பொருந்துமா என்பதைக் காட்டும் பரிசோதனை பற்றிய பேச்சை அவற்றில் நாம் பெரும்பாலும் காண்பதில்லை.

பழைய இரசாயன சிகிச்சை விரைவாகப் பிரிவடையும் கலங்கள் அனைத்தையும் தாக்குவது. முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் அதனாலேயே. இலக்கு மருந்துகளோ புற்றுநோய்க் கலத்தை இயக்கும் குறிப்பிட்டதொரு புரதத்தை நாடிச் செல்பவை. அந்தப் புரதம் அங்கு இல்லையெனில் மருந்துக்கு அங்கு வேலையும் இல்லை.

இவற்றில் இரு வகைகள் உண்டு. பெயர் 'நிப்' என முடிவன கலத்துக்குள்ளேயே நுழையக்கூடிய சிறிய மூலக்கூறுகள், பெரும்பாலும் குளிசைகள். 'மாப்' என முடிவன பிறபொருளெதிரிகள். இவை பருமனான புரதங்களாதலால் கலத்தினுள் புகாது, அதன் மேற்பரப்பில் உள்ள இலக்கையே பற்றுகின்றன. குளிசையாக விழுங்கினால் ஏனைய புரதங்களைப் போலச் சமித்துவிடும் என்பதால் ஊசிமூலம் ஏற்றப்படுகின்றன.

முதல் வகைக்கு இமாட்டினிப் சிறந்த உதாரணமாகும். ஒருவகை நாட்பட்ட குருதிப் புற்றுநோயாளரிடம் அசாதாரணமான சிறிய நிறமூர்த்தம் ஒன்று காணப்படுவதை 1960இல் பிலடெல்பியா ஆய்வாளர் இருவர் அறிவித்தனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம் என்பதை 1973இல் ஜெனட் ரவ்லி கண்டறிந்தார். அவ்வாறு ஒட்டிய இடத்தில் உருவாகும் நொதியம், 'பிரிவடை' என்ற கட்டளையை ஓயாது பிறப்பித்துக்கொண்டிருக்கும். இமாட்டினிப் அந்நொதியம் சக்தியைப் பெறும் இடத்தில் அமர்ந்து அக்கட்டளையை நிறுத்துகிறது. 2001இல் அமெரிக்கா இதற்கு அனுமதி வழங்கியது. முதற் சிகிச்சையாக இதனைப் பெற்றவர்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் பத்தாண்டுகளின் பின்னரும் உயிருடன் இருந்தனர் என்பதை நீண்டகால ஆய்வு காட்டியது. எனினும், அந்த ஒட்டிய நிறமூர்த்தம் இல்லாத வேறு குருதிப் புற்றுநோயாளர் பெரும்பாலானோருக்கு இக்குளிசையால் பயனில்லை.

மார்பகப் புற்றுநோய்க்கான ட்ரஸ்டுசுமாப்பின் கதையும் இத்தகையதே. சில கட்டிகளின் கலங்களில் ஹேர்-2 எனும் வாங்கிப் புரதம் வழமையைவிடப் பன்மடங்கு செறிந்திருக்கும். ட்ரஸ்டுசுமாப் அதனைப் பற்றி, வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுப்பதுடன் உடலின் எதிர்ப்புக் கலங்களையும் அவ்விடத்துக்கு அழைக்கிறது. உடலில் பரவிய நிலையில் இருந்த 469 பெண்களிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வில், இரசாயன சிகிச்சையுடன் இம்மருந்தையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 20.3 மாதங்களிலிருந்து 25.1 மாதங்களாக உயர்ந்தது. நோய் பரவுமுன் கொடுத்தபோது மீண்டும் தோன்றும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததென 2005இல் வெளியான ஆய்வுகள் தெரிவித்தன. அந்த 469 பேரும் ஹேர்-2 மிகைப்பு உறுதிசெய்யப்பட்டவர்கள் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. மார்பகப் புற்றுநோயாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே இவ்வகையினர். ஏனைய நால்வரையும் சேர்த்துச் சோதித்திருந்தால் மருந்தின் பயனே கண்ணுக்குத் தெரியாமற் போயிருக்கலாம்.

பொருந்தாதவருக்கு ஏற்றினால் பணம்தானே விரயம் என்று எண்ணிவிடவும் முடியாது. இம்மருந்து சிலரின் இதயத்தைப் பலவீனப்படுத்தும். அதனாலேயே சிகிச்சைக்கு முன்னரும் இடையிலும் இதயத்தின் செயற்பாடு எக்கோ போன்ற சோதனைகளால் கணிக்கப்படுகிறது.

ஹேர்-2 பரிசோதனையின் முடிவு 0 முதல் 3 வரையான புள்ளிகளாக வரும். 3 எனின் இலக்கு உண்டு. 2 எனின் ஐயம். பரம்பரையலகை எண்ணும் மேலதிக சோதனை அவசியம். வெட்டியெடுத்த இழையத்தை உரிய நேரத்தில் போர்மலினில் இடாது விட்டாலும் முடிவு பிழைக்கலாம். இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியான சிகிச்சையின் தலைவிதி, சத்திரசிகிச்சைக் கூடத்துப் போத்தல் ஒன்றில் தங்கியிருக்கிறது எனலாம்.

நமது நாட்டில் மருந்து பற்றிய விவாதம் தட்டுப்பாட்டையும் தரத்தையும் சுற்றியே நடைபெறுகிறது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியசாலைகள் பட்ட அவதியும், 2023இல் வெளிவந்து 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரின் கைது வரை சென்ற இமியூனோகுளோபுலின் ஊசி விவகாரமும் மக்களின் அச்சத்துக்குப் போதிய நியாயத்தை வழங்கியுள்ளன. குப்பியினுள் இருப்பது பிறபொருளெதிரியா வேறெதுவுமா என்பதை வெறுங்கண்ணால் எவரும் சொல்லிவிட முடியாது. ஆனால், தரமான மருந்தும் இலக்கில்லாத உடலில் வீணே என்ற மற்றப் பாதியைப் பற்றி எவரும் பேசக் காணோம்.

விலையிலாவது சற்று ஆறுதல் உண்டு. இத்தகைய பிறபொருளெதிரிகளை ஆய்வுகூடத்தில் உருவாக்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்த கோலரும் மில்ஸ்டீனும் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பின்வந்த மருந்துகளோ எட்டாத விலைக்கு விற்கப்பட்டன. 2015இல் ட்ரஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த உலக சுகாதார ஸ்தாபனம், அதனையொத்த மலிவான மாற்று ஒன்றை 2019 டிசம்பரில் முதன்முறையாக முன்தகுதி பெற்றதாக அங்கீகரித்தது. மருந்து மலிவாகும்போது அதைப் பெறுவோர் பெருகுவர். பரிசோதனையின் தேவையும் அதனுடன் பெருகும்.

எனவே, இம்மருந்துகளுக்கு விலைமனுக் கோரும் ஒவ்வொரு முறையும் அவற்றுக்குரிய பரிசோதனைக்கான இரசாயனப் பொருட்களையும் ஒரே கொள்வனவில் சேர்க்கச் சுகாதார அமைச்சு முன்வர வேண்டும். தெல்லிப்பழையிலோ மட்டக்களப்பிலோ எடுக்கப்படும் இழைய மாதிரி எங்கே சோதிக்கப்படுகிறது, முடிவு எத்தனை நாட்களில் நோயாளியின் கைக்கு வருகிறது என்ற விபரத்தையும் வைத்தியசாலை வாரியாக வெளியிட வேண்டும். உதவி கோரி எழுதும் குடும்பங்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: வைத்தியரின் கடிதத்துடன் அந்தப் பரிசோதனை அறிக்கையின் பிரதியையும் இணைத்து அனுப்புங்கள், அது கையில் இல்லையெனில், காணியை விற்கும் முன்னர் வைத்தியரிடம் அதைக் கேளுங்கள்.