தாழ் யார் கையில்?

விதி என்றாலே மாணவர்களாகிய நாம் முகம் சுளிக்கிறோம். எங்கள் மகளிர் விடுதியின் வாயில் இரவு ஒன்பது மணிக்கு அடைபடும்போதெல்லாம் நானும் சுளித்தவள்தான். கட்டுப்பாடு என்பதே அடிமைத்தனம் என்று ஒருமுறை மன்றத்தில் முழங்கியும் இருக்கிறேன். அந்த முழக்கத்தை இடைக்கால ஐரோப்பிய வரலாறு திருத்திற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜிய நாட்டின் லியேஜ், கென்ட், புரூஜ் முதலிய நகரங்களில் 'பெகீன்கள்' என்னும் பெண்கள் கூடி வாழ்ந்தனர். அவர்கள் துறவியரும் அல்லர், இல்லறத்தாரும் அல்லர். கன்னிமாடம் புகுந்தவள் வாழ்நாள் முழுமைக்கும் வாக்களித்தாள். பெகீனோ, அங்குத் தங்கும் வரையில் கற்புநெறி நிற்பதாகவும் தலைவிக்குப் பணிவதாகவும் மட்டுமே உறுதி தந்தாள். சொத்தைத் துறக்கவில்லை. கம்பளி நூற்றும், நோயாளரைப் பேணியும், சிறுவர்க்குக் கற்பித்தும் தன் உழைப்பில் உண்டாள். மணம் புரிய விரும்பினால் வெளியேறலாம்.

அக்குடியிருப்புகளுக்கும் மதில் உண்டு. இரவில் வாயில் அடைபடும். எங்கள் விடுதியும் அப்படித்தானே என்பீர்கள். அன்று! அங்கே விதிக்குப் பணிந்தவள் அவ்விதியைத் தானே தேடி வந்தவள். பல இடங்களில் தலைவியைத் தேர்ந்தெடுத்தவர்களும் அப்பெண்களே.

போக்கிடம் இல்லாதவள் ஏற்பது விருப்பமாகுமா? நேர்மையான கேள்விதான். மணவாழ்வு, அதுவன்றேல் சீர்ப்பொருள் கேட்கும் கன்னிமாடம் என அன்று பெண்ணுக்கு வழிகள் குறைவு. ஆயினும், வெளியேற வழியிருந்தும் பலர் இறுதிவரை தங்கினரே!

இத்தன்னுரிமை மேலிடத்தை அச்சுறுத்திற்று. பெகீன் எனப்பட்ட மார்கரீத் பொரேத், கண்டிக்கப்பட்ட தம் நூலை மீண்டும் பரப்பியதற்காக 1310இல் பாரிசில் எரிக்கப்பட்டார். 1311-12இல் பிரான்சின் வியென் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை பெகீன் வாழ்வையே கண்டித்தது. திருச்சபை ஒப்பிய விதி எதையும் அவர்கள் ஏற்கவில்லை என்பது குற்றச்சாட்டு. விதியோடு வாழ்ந்தவர்கள்மீது இப்பழி! மேலிருந்து வராத விதி, விதியாகவே கருதப்படவில்லை போலும்.

எனினும் அவ்வாழ்வு அழியவில்லை. கடைசிப் பெகீன் எனப்பட்ட மூதாட்டி மறைந்தது 2013இல்தான்.

இனி, விதியே வேண்டாம் என்று முழங்கமாட்டேன். விடுதி விதிகளை வகுக்கும் அவையில் எங்களுக்கும் இடம் தாருங்கள் என்பேன். கூடிப் பேசி, ஒன்பது மணியை எட்டரையாக்க நாங்களே முடிவு செய்தாலும் செய்வோம். அன்று அத்தாழை முகம் சுளிக்காமல் நானே போடுவேன்.