பெயர்ப்பலகை சுதி சேர்க்காது

எலக்ட்ரிக் கிட்டார் என்றால் அமெரிக்காவில் செய்ததுதான், மற்றதெல்லாம் பழகுகிறவனுக்கு என்கிற எண்ணம் வேலூர்க் கல்லூரிகளின் இசைக்குழுக்கள் வரை வேரோடியிருக்கிறது. கிப்சன் லெஸ் பாலுக்காக லட்சக்கணக்கில் சேர்க்கத் துடிக்கும் பிள்ளைகள், பின்பக்கம் இந்தோனேசியா என்று அச்சிட்ட கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்ப்பதுகூட இல்லை.

வேறு ஊர்க்காரர்கள் இப்படிப் பேசினால் விட்டுவிடலாம். ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் பேசலாமா? கிளார்க்ஸ் போன்ற பெரிய பெயர்களுக்கு ஆம்பூரிலும் ஷூ தயாராகிறது. அப்பர் தைத்து, லாஸ்ட் என்ற கால் அச்சில் இழுத்து, சோல் ஒட்டி, குறை பார்த்துப் பெட்டியில் அடுக்குபவர்கள் நம் ஆட்கள். முத்திரை வெளிநாட்டுக்காரருடையது, கைத்திறன் இந்த ஊருடையது. இதைத் தினமும் பார்க்கிறவர்கள் கிட்டார் விஷயத்தில் மட்டும் முத்திரையைக் கும்பிடுவது வேடிக்கை.

வரலாறும் இந்த நம்பிக்கைக்குச் சாதகமாக இல்லை. 1965இல் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் வாங்கியது. பெயர் மாறவில்லை, நாடும் மாறவில்லை. ஆனால் 1970களில் வந்த கிட்டார்களின் எடையையும், கழுத்து உடலோடு சரியாகப் பொருந்தாததையும் வாசிப்பவர்கள் இன்றும் குறை சொல்கிறார்கள். அதே ஃபெண்டர் 1982இல் ஸ்குவையர் என்ற பெயரில் ஜப்பானில் செய்வித்த கிட்டார்களையோ இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். கிப்சனின் சாய்ந்த தலைப்பகுதி, கிட்டார் கீழே விழுந்தால் கழுத்தோரம் முறிவதற்குப் பேர்போனது. அது விலை கூடிய மாடல்களையும் விட்டுவைப்பதில்லை.

விரலுக்குச் சுகம் எங்கிருந்து வருகிறது? ஃபிரெட்டுகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அவற்றின் முனைகள் கையை அறுக்கக் கூடாது. நட்டின் பள்ளங்கள் சரியான ஆழத்தில் வெட்டப்பட வேண்டும். 12ஆம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றால் விரல் களைக்காது. இவையெல்லாம் அரம் பிடித்த கையின் வேலை. அதிலும் வேலூரின் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் மரத்தை மாறி மாறி உலர்த்தி ஊறவைக்கும். கழுத்தின் வளைவு மாறும்போது கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் கம்பியைத் திருப்பிச் சரிசெய்யாவிட்டால், எந்த நாட்டுக் கிட்டாரும் கரகரக்கும்.

விலைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. நல்ல பிக்கப், உறுதியான டியூனர், நுணுக்கமான கைவேலை, மறுவிற்பனை மதிப்பு எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்கக் கூலியும் விளம்பரச் செலவும் அதே விலைச்சீட்டில்தான் அடங்குகின்றன. அவை சுதி சேர்ப்பதில்லை. அமெரிக்காவின் பிஆர்எஸ் நிறுவனமே தன் எஸ்இ வரிசைக் கிட்டார்களை இந்தோனேசியாவில் செய்விக்கிறது. அமெரிக்கக் கிட்டார்கள் பலவற்றின் விரற்பலகைக்கும் இந்திய ஈட்டி மரம் போகிறது.

ஆகவே கடைக்குப் போனால் பெயரைப் பார்க்காமல் வாசியுங்கள். கழுத்தை நீளவாக்கில் பார்த்து நேராக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்திக் கரகரப்பைத் தேடுங்கள். திறந்த கம்பியையும் 12ஆம் ஃபிரெட்டையும் சுதி காட்டும் டியூனர் கருவியில் ஒப்பிடுங்கள். இந்தச் சோதனையில் தேறினால் எங்கே செய்ததானாலும் வாங்குங்கள், மிச்சப் பணத்தில் ஒரு தேர்ந்த கைவினைஞரிடம் செட்டப் செய்துகொள்ளுங்கள். சரிசெய்தும் தேறாத கிட்டார் எத்தனை லட்சமானாலும் மோசமான கிட்டார்தான்.