பரணில் கிடக்கும் வெள்ளித் தட்டு: எடைக்குப் போட்டால் லாபமா?

வெள்ளிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! 2025-ம் ஆண்டு பிறந்தபோது சென்னையில் ஒரு கிலோ வெள்ளி 1 லட்சம் ரூபாய்க்குக் கீழே விற்றது. ஆண்டு முடிவதற்குள் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது!

வெள்ளாற்றங்கரை திட்டக்குடியானாலும் சரி, சிதம்பரமானாலும் சரி, கல்யாணச் சீர் என்றால் குங்குமச் சிமிழ், சந்தனப் பேலா, பன்னீர்ச் செம்பு எல்லாம் உண்டு. விலை ஏறினால் இவற்றை எடைக்குப் போடலாமா என்ற பேச்சு வீட்டில் கிளம்புவது இயற்கை.

ஏன் இந்த ஏற்றம்?

சூரிய ஒளித் தகடு, மின்சாரக் கார், செல்போன் எல்லாவற்றுக்கும் வெள்ளி வேண்டும். ஆனால் வெள்ளிக்கென்றே தோண்டும் சுரங்கம் குறைவு. செம்பு, ஈயம், துத்தநாகம் எடுக்கும்போது கூடவே வருவதுதான் பெரும்பகுதி. ஆகவே விலை ஏறியதும் அதிகம் தோண்டிவிட முடியாது.

ஏறியது இறங்காதா? இறங்கும்! 2026 ஜனவரியில் உலகச் சந்தையில் ஒரு அவுன்சு (31 கிராம்) 100 டாலரைத் தாண்டியது. அதே மாதம் 30-ந் தேதி, ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் சரிந்தது.

தராசு சொல்லாத சங்கதி

வெள்ளைக்காரர் காலத்துத் தட்டைத் திருப்பிப் பாருங்கள். "இ.பி.என்.எஸ்." என்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் அது வெறும் வெள்ளி முலாம்! உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். இந்தக் கலவைக்கு "ஜெர்மன் சில்வர்" என்று பெயர். பெயரில்தான் சில்வர்; உள்ளே குன்றிமணி வெள்ளி கிடையாது. மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு இங்கிலாந்தின் எல்கிங்டன் கம்பெனி 1840-ல் காப்புரிமை பெற்றது. அதன் பிறகு இத்தகைய மேஜைச் சாமான்கள் உலகெங்கும் பரவின.

எனாமல் தட்டின் கதை வேறு. கண்ணாடித் தூளை வெள்ளியின் மேல் வைத்து, சூட்டில் உருக்கிப் பிடிக்கச் செய்வதே எனாமல். பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கானில் தெரியும் பளபளப்பும் கண்ணாடி ஜாதிதான். ஜெய்ப்பூரில் இந்த எனாமல் வேலையை "மீனாகாரி" என்பார்கள். உருக்கும்போது எனாமல் வெறும் சக்கை. எந்த வேலைப்பாட்டால் தட்டுக்கு மதிப்போ, அதற்கே எடையில் கழிவு! இது என்ன நியாயம்?

சென்னை மவுண்ட் ரோடு "பி. ஆர் அண்ட் சன்ஸ்" கடை 19-ம் நூற்றாண்டில் தெய்வ உருவங்கள் பொறித்த வெள்ளிப் பாத்திரங்களைச் செய்தது. "சுவாமி வேலை" என்று பெயர் பெற்றவை அவை. இன்று சேகரிப்பவர்கள் இவற்றை எடை விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள். உருக்கிவிட்டால் எல்லாம் ஒரே கட்டிதான்.

கண்ணாடிக் கிண்ணம்

கூடவே கிடக்கும் பழைய "கிரிஸ்டல்" கிண்ணத்தைச் சுண்டினால் மணி போல ஒலிக்கும். காரணம், அதில் ஈயம் கலந்திருக்கிறது. அலமாரியில் அழகாக இருக்கட்டும். ஊறுகாயோ பழரசமோ ஊற்றி நாள்கணக்கில் வைத்தால் ஈயம் அதில் இறங்கும். குழந்தைகளுக்கு அது விஷம்!

முத்திரை உண்டா?

ஹால்மார்க் வெள்ளிக்கு ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறி 2025 செப்டம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. தங்கத்தைப் போல் கட்டாயமாக அல்ல, விருப்ப முறையில். 925 என்றிருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. பாட்டி காலத்துப் பாத்திரத்தில் இந்தக் குறி எப்படி இருக்கும்? தரத்தைச் சோதிக்காமல் விலை பேசினால் கடைக்காரர் சொன்னதே தரம்.

நூறு வயதைத் தாண்டிய வேலைப்பாட்டுப் பொருள் என்றால், 1972-ம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பார்சல் கட்டத்தான் முடியாது!