துயில் காப்பதும் இரக்கச் செயலே

நோயுற்றோரைச் சந்திப்பது, திரு அவை நமக்குக் கற்றுத்தரும் உடல்சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று. நம் குடும்பங்கள் இக்கடமையில் குறைவைத்ததில்லை. ஒருவர் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பினார் என்ற செய்தி எட்டியதும், பழங்களும் பிஸ்கட்டும் நிறைந்த பையோடு புறப்பட்டுவிடுகிறோம். ஆனால், நாம் விடைபெற்ற பின்னர் அந்த நோயாளி எவ்வாறு உறங்குகிறார் என்று எண்ணிப் பார்க்கிறோமா?

அண்மையில், மடவளையில் வசிக்கும் என் மூத்த சகோதரியின் இல்லத்தில் சில இரவுகள் தங்கியிருந்தேன். நீரிழிவும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயும் பல ஆண்டுகளாக அவரை வருத்தின. வைத்தியர்களின் ஆலோசனைப்படி, இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு அவர் வீடு வந்திருந்தார். பகலெல்லாம் வந்துபோவோர் கூட்டம். "வாயைக் கட்டியிருந்தால் வயிற்றை வெட்ட வேண்டி வந்திருக்காதே" என்று ஒருவர் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். இரவிலோ உறக்கம் இல்லை. உயர்த்தி அடுக்கிய தலையணைகளில் சாய்ந்தபடி அரைமணி நேரம் கண்ணயர்வார், விழிப்பார், ஒரு மிடறு நீர் பருகுவார், மீண்டும் இருளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிவாசலில் அதிகாலைத் தொழுகைக்கான பாங்கொலி எழும்போதும் விழித்தே இருப்பார். ஓர் இரவில் அவர் கேட்ட வினா என் நெஞ்சைத் தைத்தது: "செபமாலை சொல்லியும் நித்திரை வருகுதில்லையே, தம்பி. நான் செய்தது பிழை என்று ஆண்டவர் காட்டுகிறாரோ?"

அன்பார்ந்தவர்களே, இல்லை என்பதே இதற்கு விடை. அந்த விழிப்பு தண்டனையும் அன்று, விசுவாசக் குறைவும் அன்று. அதற்குக் காரணங்கள் உடலிலேயே உள்ளன. சிறு துளைகளின் வழியே சத்திரசிகிச்சை செய்வதற்காக வயிற்றினுள் செலுத்தப்படும் வாயு, முதல் சில நாட்களுக்குத் தோள்பட்டை வரை வலியைத் தரும். வழக்கம்போல் புரண்டு படுக்க இயலாது. மட்டமாகப் படுத்தால் சிலருக்கு நெஞ்செரிவு எழும். சிறுத்துவிட்ட இரைப்பையால் ஒரே தடவையில் வேண்டிய நீரைப் பருக முடியாது. பகலில் போதிய அளவு பருகாவிடில் இரவில் தாகம் எழுப்பும். மாலையில் ஈடுசெய்ய முயன்றால் சிறுநீர் எழுப்பும். வைத்தியசாலையின் இரவு வெளிச்சத்தில் குழம்பிய உறக்க ஒழுங்கும் உடனே சீராவதில்லை. பெரும்பாலானோருக்கு இத்தொல்லை சில வாரங்களில் படிப்படியாகத் தணியும்.

'வாயைக் கட்டாததன் பலன்' என்ற ஏச்சும் நீதியானதன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் 100 கோடிக்கும் அதிகமானோர் உடற்பருமனோடு வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பரம்பரை, சுரப்பிகள், சில மருந்துகள், வாழும் சூழல் எனப் பலவும் சேர்ந்து உருவாக்கும் நோய் இது. இச்சிகிச்சையைத் தேர்ந்தவர் இலகுவான வழியைத் தேடியவர் அல்லர். வாரக்கணக்கில் நீராகாரமும் மசித்த உணவும், வாழ்நாள் முழுவதும் விற்றமின் மாத்திரைகளும் வைத்தியப் பரிசோதனைகளும் அவருக்குரிய சிலுவைகள்.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். ஈசபேல் அரசிக்கு அஞ்சி ஓடிக் களைத்து, பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் விழுந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி மன்றாடியவர் அவர். இறைவன் அவரைக் கண்டித்தாரா? உபதேசம் செய்தாரா? முதலில் உறங்கவிட்டார். பின்னர் வானதூதரை அனுப்பிச் சிறிது அப்பமும் நீரும் கொடுத்தார். மறுபடியும் உறங்கவிட்டார், மறுபடியும் உண்ணக் கொடுத்தார். ஓரேபு மலையில் அவரோடு உரையாடியதெல்லாம் அதன் பின்னரே. சிறிது உணவு, சிறிது உறக்கம், மீண்டும் சிறிது உணவு! சத்திரசிகிச்சையிலிருந்து தேறுவோர் நடக்கும் பாதையும் இதுவே அன்றோ?

ஆகவே குடும்பத்தார் அந்த வானதூதரின் பணியை ஏற்க வேண்டும். நாள் முழுவதும் மிடறு மிடறாக நீர் பருக நினைவூட்டுங்கள். வைத்தியர் அனுமதித்த அளவில் பகல் வெளிச்சத்தில் சிறிது நடக்கத் துணை செல்லுங்கள். பகல் உறக்கம் குறுகியதாக இருக்கட்டும். மாலையில் தேநீரையும், படுக்கையில் கைத்தொலைபேசியையும் தவிர்க்கச் செய்யுங்கள். மூச்சுத் தடைக்காகச் சீபாப் இயந்திரம் பயன்படுத்துபவர், எடை குறைகிறதே என்று தாமாக அதைக் கைவிடலாகாது. வைத்தியரைக் கேளாமல் உறக்க மாத்திரை கொடுப்பது, அத்தகையோருக்கு ஆபத்தாகவும் முடியலாம். காய்ச்சல், கூடிவரும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, விரைந்த நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல், கால் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

பார்க்கச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். முன்னரே கேட்டுச் செல்லுங்கள். கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன?" என்று வற்புறுத்தாதீர்கள். நம் கண்டி மண்ணில் 1697இல் அம்மைநோய் பரவியபோது, உறவினரும் கைவிட்ட நோயாளிகளைத் தேடிச் சென்று பராமரித்தவர் புனித யோசேப் வாஸ். அவருடைய சந்திப்பு சம்பிரதாயத்துக்கானதன்று. நோயாளிக்கு எது தேவையோ அதைச் செய்வதற்கானது. இன்றைய நோயாளிக்குத் தேவை அமைதியாயின், அதையே கொண்டு செல்வோம்.

விழித்திருக்கும் சகோதர சகோதரிகளே, உறக்கத்தோடு போராடாதீர்கள். நீண்ட செபம் சொல்ல இயலாவிடின், இயேசுவின் திருப்பெயரை மெல்ல உச்சரித்தால் போதும். படகில் அயர்ந்து உறங்கிய ஆண்டவருக்கு உங்கள் களைப்புத் தெரியும்.

சகோதரியின் வீட்டு வாசலில், பிற்பகலில் சந்திப்பைத் தவிர்க்குமாறு ஒரு சிறு அறிவித்தலைத் தொங்கவிட்டோம். சிலர் மனம் வருந்தினர். ஆனால் மூன்றாம் வாரத்தில் ஒருநாள், பாங்கொலி எழுந்தபோது அக்கா விழிக்கவில்லை. நான் விளக்கை ஏற்றாமல், இருளிலேயே இறைவனுக்கு நன்றி கூறினேன்.